சண்டையும் காதலும்: பாஷை தெரியாமல் பார்த்த படங்கள்



சுங்காய், துரோலாக், பீடோர் பக்கத்துத் தோட்டங்களில் வாழ்ந்து முதிர்ந்த பெரியவர்களிடம், "சீனப் படம் பார்த்ததுண்டா?" என்று கேட்டுப் பாருங்கள். "பாஷை ஏது நமக்கு? ஆனாலும் பார்த்திருக்கிறோம்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஒரு வார்த்தைகூடப் புரியாத படத்தை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பதென்றால், அதில் ஏதோ ஒன்று இருந்திருக்க வேண்டும் அல்லவா? யார் யாரை விரும்புகிறார், யாருக்கு யார்மேல் கோபம், எந்த அடி நியாயமான அடி, எது அநியாயம் என்பதெல்லாம் முகத்திலும் கையிலும் காலிலும் தெரிந்தன. அதனால் பார்த்தார்கள்.

இன்றைய பேச்சு அந்தப் படங்களைப் பற்றியது. அதிலும், காதலும் சண்டையும் ஒரே கதைக்குள் கலந்து வரும் படங்களைப் பற்றியது. அந்தக் கலையில் உலகமே கைதட்டிய ஒரு பெண்மணி நம்முடைய ஈப்போவில் பிறந்தவர். சுங்காயிலிருந்து பழைய நெடுஞ்சாலையில் பீடோர், தாப்பா, கம்பார், கோப்பேங் என்று போனால் வந்துவிடும் ஈப்போதான். அவரிடம் கடைசியில் வருகிறேன்.

தோட்டத்துத் தாய்மார்கள் பலருக்கு இந்தப் படங்களின்மேல் ஒரு வருத்தம் உண்டு. "பையன் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து தம்பியை உதைக்கிறான்" என்பார்கள். வருத்தம் நியாயமானதே. உதைப்பதை மட்டும் பார்த்தால் உதைதான் மனத்தில் தங்கும். ஆனால், இந்தப் படங்களில் காலம் கடந்து நின்றவற்றை எடுத்துப் பார்த்தால், ஒருவன் எப்போது கையை ஓங்கலாம், எப்போது அடக்கிக்கொள்ள வேண்டும், ஓங்கிய கைக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்ற கேள்விதான் கதையாக இருக்கிறது. அந்த விலையைப் பெரும்பாலும் அவனை நேசிப்பவள் கொடுக்கிறாள். சண்டைக் கதைக்குள் காதல் கதை வந்து சேர்வது அந்த இடத்தில்தான்.

முதலில், இந்தப் படங்கள் பேராக்கிற்கு வந்து சேர்ந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஷாங்காய் நகரத்து ஷா குடும்பத்தைச் சேர்ந்த ரன்மீ ஷா, ரன் ரன் ஷா என்ற சகோதரர்கள் 1920களில் சிங்கப்பூருக்கு வந்தார்கள். கொட்டகை இல்லாத ஊர்களுக்கு வண்டியில் படக்கருவியை ஏற்றிக்கொண்டு போய்த் திறந்த வெளியில் படம் காட்டினார்கள். ஈயச் சுரங்க ஊர்களும் ரப்பர்த் தோட்டத்து ஊர்களும் அவர்களுக்கு நல்ல சந்தை. சம்பளம் போட்ட வாரத்தில் கையில் காசு இருக்கும். பொழுதைப் போக்க வேறு வழி இருக்காது. பிறகு கொட்டகைகள் எழுந்தன. இரண்டாம் உலகப் போருக்கு முன்பே மலாயாவிலும் அண்டை நாடுகளிலுமாக நூற்றுக்கு மேற்பட்ட கொட்டகைகள் அவர்கள் கையில் இருந்தன. அவர்களுக்குப் போட்டியாகக் கேத்தே நிறுவனத்தை வளர்த்தவர் லோக் வான் தோ. ஈயத்தால் பெருஞ்செல்வம் சேர்த்த லோக் இயூவின் மகன் அவர்.

நம்மவர்களுக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்புக் கூடத்தில் ஷா சகோதரர்கள் மலாய்ப் படங்கள் எடுத்தபோது, இயக்குவதற்கு இந்தியர்களை அமர்த்தினார்கள். பி. எஸ். ராஜ்ஹன்ஸ், தமிழரான எல். கிருஷ்ணன், 1956இல் 'ஹங் துவா' படத்தை எடுத்த பணி மஜும்தார் ஆகியோர் அங்கே வேலை செய்தவர்கள். பி. ரம்லீ நடித்த படங்களில் கதைக்கு நடுவே பாட்டு வந்து விழுவதைப் பார்த்து, "இது நம்ம ஊர்ப் படம் மாதிரியே இருக்கிறதே" என்று தோட்டத்து மக்கள் நினைத்திருந்தால், அதில் வியப்பில்லை. சீனப் படத் தொழிலைக் கவனிக்க ரன் ரன் ஷா 1950களின் கடைசியில் ஹாங்காங்குக்குப் போனார். 1961இல் அங்கே ஒரு பெரிய படப்பிடிப்பு நகரத்தையே திறந்தார். அதன்பின் பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு அங்கிருந்து வந்த படச்சுருள்கள் நம் ஊர்க் கொட்டகைகளில் ஓயாமல் சுழன்றன.

முதலில் அழ வைத்த ஒரு படத்தைப் பார்ப்போம். 1963ஆம் ஆண்டு, லீ ஹான்சியாங் இயக்கத்தில் வந்தது. ஆங்கிலத்தில் 'தி லவ் இட்டேர்ன்' என்று பெயர். அது நூற்றாண்டுகளாகச் சீன மக்கள் சொல்லி வந்த லியாங் ஷான்போ, ஜூ யிங்தாய் கதை. நமக்கு அம்பிகாபதி அமராவதி எப்படியோ, அவர்களுக்கு இந்த இருவர் அப்படி.

ஜூ யிங்தாய் வசதியான வீட்டுப் பெண். அவளுக்குப் படிக்க ஆசை. பெண்பிள்ளை பள்ளிக்கூடம் போவதா என்று தகப்பனார் மறுக்கிறார். அவள் தானே வைத்தியர் வேடம் போட்டு வந்து, "உங்கள் மகளைப் படிக்க அனுப்பினால்தான் நோய் தீரும்" என்று தகப்பனாரிடமே சொல்கிறாள்! ஆண் உடையில் படிக்கப் போகிறாள். வழியில் ஷான்போ என்ற மாணவனைச் சந்திக்கிறாள். மூன்று ஆண்டுகள் ஒன்றாகப் படிக்கிறார்கள். அவள் பெண் என்பது அவனுக்குத் தெரியவே தெரியாது. ஊர் திரும்பும் நாளில் அவன் அவளை வழியனுப்ப நெடுந்தூரம் நடந்து வருகிறான். வழியில் காணும் ஒவ்வொன்றையும் காட்டி அவள் தன் மனத்தைக் குறிப்பால் சொல்லிக்கொண்டே போகிறாள். அந்த அப்பாவிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பார்க்கிற நமக்குத்தான், "அடே, புரிந்துகொள்ளடா!" என்று கத்தத் தோன்றும். பிறகு அவன் உண்மை அறிந்து ஓடி வரும்போது, தகப்பனார் வேறு இடத்தில் நிச்சயம் செய்து முடித்துவிடுகிறார். அவன் நோயில் விழுந்து இறக்கிறான். மணப்பெண் ஊர்வலம் அவன் கல்லறை வழியே போகும்போது புயல் எழுகிறது, கல்லறை பிளக்கிறது, அவள் உள்ளே பாய்ந்துவிடுகிறாள். இரண்டு வண்ணத்துப்பூச்சிகள் பறந்து போகின்றன.

இதில் சண்டை இல்லையே என்பீர்கள். வாள் இல்லைதான். ஆனால் ஒரு பெண் படிப்பதற்காகப் பெற்றவரோடும் ஊரோடும் போராடும் போராட்டம் இருக்கிறது. இன்னொரு விந்தை: காதலன் ஷான்போவாக நடித்தவரும் ஒரு பெண்தான். ஐவி லிங் போ என்ற நடிகை. சீன நாடக மரபில் இது இயல்பு. தைவானில் இந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள் ஏராளம். அவர்களில் தாய்மார்களே மிகுதி என்பார்கள். அதே 1960களில் நம் தோட்டங்களில் எத்தனை பெண்பிள்ளைகள் ஆறாம் வகுப்போடு நிறுத்தப்பட்டு, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளவும், அம்மாவோடு பால்மரத்துக்குப் போகவும் அனுப்பப்பட்டார்கள் என்பது கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களுக்கே தெரியும். பாஷை தெரியாவிட்டாலும் அந்தப் படம் அவர்களுக்குப் புரிந்திருக்கும் என்பது என் எண்ணம்.

அடுத்து வாள் வந்தது. 1966இல் கிங் ஹூ என்ற இயக்குநர் 'கம் டிரிங்க் வித் மீ' என்ற படத்தில் சென் பெய்பெய் என்ற இருபது வயதுப் பெண்ணின் கையில் ஆயுதத்தைக் கொடுத்தார். கொள்ளையர் பிடித்து வைத்திருக்கும் அண்ணனை மீட்க வரும் தங்கை அவள். ஒரு சத்திரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். சுற்றிலும் முரடர்கள். யாரும் சத்தம் போடுவதில்லை. ஒரு மேசை நகர்கிறது, ஒரு சாடி பறந்து வருகிறது, அவள் இருந்த இடத்திலிருந்தே எல்லாவற்றையும் தடுக்கிறாள். சென் பெய்பெய் சண்டை கற்றவர் அல்லர், நடனம் கற்றவர். கிங் ஹூ சண்டையை ஒரு நடனமாகவே பார்த்தார். அடவுகளை அமைத்தவர் பீக்கிங் நாடகக் கலையில் வளர்ந்த ஒருவர். நடனத்திலிருந்து சண்டைக்கு வந்த இந்தப் பெண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஈப்போப் பெண்ணும் அதே வழியில்தான் வருவார்.

1967இல் சாங் சே என்பவர் இயக்கிய 'ஒற்றைக் கை வாள்வீரன்' வந்தது. ஜிம்மி வாங் யூ கதாநாயகன். ஹாங்காங்கில் பத்து லட்சம் டாலர் வசூலைத் தொட்ட படம். கதாநாயகன் ஒரு வேலைக்காரனின் மகன். எஜமானைக் காப்பாற்றத் தகப்பன் உயிரைவிட்டதால், எஜமான் பையனைச் சீடனாகச் சேர்த்துக்கொள்கிறார். பணக்கார வீட்டுச் சீடர்களும் எஜமானின் மகளும், "வேலைக்காரன் மகன்தானே நீ" என்று அவனை இழிவு செய்கிறார்கள். ஒரு நாள் ஆத்திரத்தில் அந்தப் பெண்ணே அவன் வலக்கையை வெட்டிவிடுகிறாள். இரத்தம் வடிய ஓடியவனை ஓர் ஏழைக் குடியானவப் பெண் காப்பாற்றுகிறாள். சண்டைக் கலையால் தன் தகப்பனை இழந்தவள் அவள். அந்தக் கலையே வேண்டாம் என்று அவள் தாய் எரிக்கப்பார்த்த ஏடு, பாதி கருகிய நிலையில் அவளிடம் இருக்கிறது. அதை அவனுக்குக் கொடுக்க வேண்டியும் வருகிறது. கொடுக்கும்போதே அவள் கலங்குகிறாள். அவன் இடக்கையால் பழகி, கடைசியில் எஜமானைக் காப்பாற்றிவிட்டு, பதவி எதுவும் வேண்டாம் என்று அவளோடு நிலத்தில் பாடுபடப் போய்விடுகிறான். பையன்கள் கையை மடித்துச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு ஒற்றைக் கை வீரனாக விளையாடுவார்கள். அவன் கடைசியில் குடியானவனாகப் போனதை மட்டும் விளையாட மாட்டார்கள்!

புரூஸ் லீயைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுவரில் அவர் படத்தை ஒட்டாத வீடு குறைவு. அவருடைய முதல் பெரிய படத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 1971இல் வந்த 'தி பிக் பாஸ்'. தொலைக்காட்சியில் வீட்டுக்குள் அடைத்து வைத்துச் சண்டை மூட்டுகிறார்களே, அந்த நிகழ்ச்சியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். தாய்லாந்தில் பாக் சோங் என்ற ஊரில் எடுக்கப்பட்டது. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் போனவர்களின் கதை. நம் முன்னோர் கப்பலேறி வந்ததுபோல, ஒரு சீன இளைஞன் தாய்லாந்திலுள்ள உறவினரிடம் வந்து ஐஸ் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்கிறான். இனி யாரோடும் சண்டை போடுவதில்லை என்று தாய்க்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறான். அந்தச் சத்தியத்தின் அடையாளமாகக் கழுத்தில் ஒரு பச்சைக்கல் தொங்குகிறது.

அந்தத் தொழிற்சாலையில் ஐஸ் கட்டிக்குள் போதைப்பொருள் வைத்துக் கடத்துகிறார்கள். கண்டுபிடித்த தொழிலாளிகள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். மற்றவர்கள் கேள்வி கேட்டு வேலையை நிறுத்துகிறார்கள். அடியாட்கள் வருகிறார்கள். பச்சைக்கல் உடைகிறது, கதாநாயகன் கை ஓங்குகிறான். இதற்குப்பின் நிர்வாகம் செய்வதைக் கவனியுங்கள். அவனைத் தண்டிக்கவில்லை. அவனை மேற்பார்வையாளனாக உயர்த்திவிடுகிறது! நம் தோட்டத்துப் பேச்சில் சொன்னால், மண்டோர் ஆக்கிவிடுகிறது. விருந்து வைக்கிறார்கள், மது ஊற்றுகிறார்கள். காணாமல் போனவர்களைப் பற்றிக் கேட்கப் போனவன் கேட்காமலே திரும்புகிறான். கூட இருந்த தொழிலாளிகள் அவனோடு பேசுவதை நிறுத்துகிறார்கள். அவனை விரும்பும் பெண் அவனைப் பார்க்கும் பார்வையே மாறுகிறது. படத்திலுள்ள எந்த உதையும் இந்தப் பகுதியளவு என்னைத் தாக்கியதில்லை. கடைசியில் அவன் முதலாளியைக் கொன்று பழி தீர்க்கிறான். ஆனால் அதற்குள் அந்த வீட்டில் அவன் காப்பாற்ற வேண்டியவர்கள் பெரும்பாலும் பிணமாகிவிட்டார்கள். போலீஸ் வந்து அவனைக் கொண்டு போகிறது. தாய்க்குக் கொடுத்த சத்தியமும் போயிற்று, வாழ்க்கையும் போயிற்று.

புரூஸ் லீ 1973 ஜூலை 20ஆம் தேதி தம் 32ஆம் வயதில் ஹாங்காங்கில் காலமானார். அதே 1973ஆம் ஆண்டு மே மாதம்தான் மக்கள் திலகத்தின் 'உலகம் சுற்றும் வாலிபன்' வெளிவந்தது. ஜப்பானில் நடந்த 1970ஆம் ஆண்டு உலகக் கண்காட்சியிலும் கீழ்த்திசை நாடுகளிலும் எடுத்த படம். தாய்லாந்து நடிகை மேத்தா ரூங்ராத் அதில் நடித்தார். ஒரே ஆண்டில் நம் ஊர் இளைஞன் இந்த இரண்டு வீரர்களையும் பார்த்தான். ஆனால் இருவருக்கும் ஒரு வேற்றுமை. எம்.ஜி.ஆர். படத்தில் சண்டை முடிந்தால் எல்லாம் நல்லபடி முடிந்தது. புரூஸ் லீ படத்தில் சண்டை முடியும்போது இழப்புக் கணக்குத் தொடங்கும்.

1978இல் வந்த 'ஷாவ்லின் 36ஆம் கூடம்' படத்தையும் சொல்லியாக வேண்டும். இதில் காதல் இல்லை. ஆனாலும் தோட்டத்து மக்களுக்கென்றே எடுத்ததுபோல ஒரு காட்சி உண்டு. மடத்தில் சண்டை கற்க வந்தவனுக்கு முதலில் கற்றுத் தருவது தண்ணீர் சுமப்பது! இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி வாளிகளைத் தூக்கிக்கொண்டு படியேற வேண்டும். கை தாழ்ந்தால் விலாவில் குத்தும்படி மேற்கையில் கத்தி கட்டியிருக்கும். காண்டா கம்பில் பால் வாளிகளைத் தொங்கவிட்டு, சிந்தாமல் சிதறாமல் மேட்டில் ஏறிப் பழகியவர்கள் அந்தக் காட்சியைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். படத்தின் பெரும்பகுதி இப்படிப் பாடு படுவதிலேயே போகிறது. மடத்தில் இருந்தவை 35 கூடங்கள். கற்று முடித்தவன், மடத்துக்கு வெளியே சாதாரண மக்களுக்குக் கற்றுத்தர இன்னொரு கூடம் வேண்டும் என்று கேட்கிறான். தலைப்பில் உள்ள 36ஆம் கூடம் அதுதான்.

இனி, எனக்கு அவ்வளவாக ஒப்பாத ஒரு வகை. 1986இல் ஜான் வூ இயக்கிய 'எ பெட்டர் டுமாரோ' வெளிவந்தபின் குண்டர் கும்பல் படங்கள் வரிசையாக வந்தன. அந்த முதல் படம் நல்ல படமே, மறுக்கவில்லை. அண்ணன் கள்ளநோட்டுக் கும்பலில், தம்பி போலீஸில், அண்ணன் செய்த தொழிலால் தகப்பன் கொல்லப்படுகிறான். அண்ணனின் நண்பனாக வரும் சௌ யுன்ஃபாட், நண்பனுக்காகச் சண்டைக்குப் போய்க் கால் ஊனமாகி, பிறகு கார் துடைத்துப் பிழைத்து, வண்டி நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து ஆறிப்போன சோற்றைத் தின்கிறார். படம் எல்லா விலையையும் காட்டத்தான் செய்கிறது. ஆனால் பார்த்த பையன்கள் எதை எடுத்துக்கொண்டார்கள்? கறுப்புக் கண்ணாடியையும் நீளக் கோட்டையும்! ஹாங்காங் வெயிலில் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு திரிந்தார்களாம். வீடியோ நாடாவில் அது நம் ஊருக்கும் வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் பட்டணத்து ஓரங்களுக்குப் பெயர்ந்துகொண்டிருந்த காலம் அது. பெரட்டுக்கு எழுந்து போன தகப்பனின் வேலையும் இல்லை, பட்டணத்து வேலையும் கிடைக்கவில்லை என்று நின்ற பையன்களுக்கு, கும்பல் என்பது உடன்பிறப்பு மாதிரி காட்டப்பட்டால் என்ன ஆகும்? ஆறிப்போன சோறு தின்ற காட்சியைப் பையனுக்குச் சுட்டிக்காட்ட வீட்டில் ஒருவர் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். பல வீடுகளில் அப்போது பெரியவர்கள் இரண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது ஈப்போவுக்கு வருகிறேன்.

மிச்செல் இயோ 1962 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஈப்போவில் பிறந்தவர். சிறு வயதிலேயே பாலே என்னும் மேனாட்டு நடனம் பயின்றார். அதிலேயே தேர்ச்சி பெற இங்கிலாந்து போனார். முதுகில் ஏற்பட்ட காயத்தால் மேடையில் ஆடும் கனவு முடிந்தது. ஊர் திரும்பி 1983இல் மலேசிய அழகியானார். அடுத்த ஆண்டு ஜாக்கி சானோடு ஒரு கைக்கடிகார விளம்பரத்தில் தோன்றினார். அதன்வழி ஹாங்காங் படங்களுக்குள் நுழைந்தார். முதல் படத்தில் அவருக்குக் கிடைத்தது மென்மையான ஒரு பாத்திரம். சண்டையெல்லாம் ஆண்களுக்கு. அவர் அந்தச் சண்டைக்காரர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இதுவும் நடனம் போன்ற அடவுக் கணக்குத்தானே, என்னாலும் முடியும் என்று கேட்டு வாங்கினார். ஆண்களோடு ஒரே கூடத்தில் நாள் முழுதும் பயிற்சி செய்தார். 1985இல் 'யெஸ் மேடம்' என்ற படம் அவரைச் சண்டை நாயகி ஆக்கியது.

1992இல் வந்த ஜாக்கி சானின் 'போலீஸ் ஸ்டோரி' மூன்றாம் பாகத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதன் உச்சக்கட்டம் நம் கோலாலம்பூரில் எடுக்கப்பட்டது. நகரத்தின் மேலே ஹெலிகாப்டரின் கயிற்று ஏணியில் ஜாக்கி சான் தொங்கிக்கொண்டு போகிறார். மிச்செல் இயோ மோட்டார் சைக்கிளை ஓட்டி வந்து, ஓடுகிற ரயிலின் கூரைமேல் பாய்கிறார். அந்தப் படத்துக்காகத்தான் அவர் மோட்டார் சைக்கிளே ஓட்டக் கற்றுக்கொண்டார். பாய்ந்தது அவரே. இன்னொரு காட்சியில் ஓடும் வண்டியிலிருந்து ஜாக்கி சானின் காரின்மேல் விழ வேண்டியவர் பிடி தவறிச் சாலையில் உருளுகிறார். படத்தின் கடைசியில் அதையும் காட்டுகிறார்கள்.

1996இல் அவர் நடித்த ஒரு படத்தை மட்டும், தொழிலாளர் குடும்பங்கள் அவசியம் பார்க்க வேண்டும் என்பேன். ஆன் ஹுய் என்ற பெண் இயக்குநர் எடுத்தது. ஆங்கிலத்தில் 'தி ஸ்டண்ட் வுமன்'. நட்சத்திரங்களுக்குப் பதிலாக அடிபடும், விழும், எரியும் கூலிச் சண்டைக்காரர்களின் வாழ்க்கை அது. பெயர் சுவரொட்டியில் வராது. எலும்பு முறிந்தால் வீட்டில் அடுப்பு எரியாது. அந்தப் படத்துக்காகப் பாலத்திலிருந்து ஓடும் லாரிமேல் குதித்தபோது மிச்செல் இயோவே தவறாக விழுந்து முதுகில் பலத்த அடிபட்டு மருத்துவமனையில் கிடந்தார். சண்டைக்காரியின் பாடு பற்றிய படம், அதை எடுத்தவர்களையே சோதித்துவிட்டது.

2000இல் ஆங் லீ இயக்கிய 'பதுங்கும் புலி, மறைந்த நாகம்' வந்தது. இந்தப் பேச்சின் தலைப்புக்கு இதைவிடப் பொருத்தமான படம் இல்லை. மிச்செல் இயோவுக்கும் சௌ யுன்ஃபாட்டுக்கும் நடுத்தர வயது. ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள், சொல்வதில்லை. அவளுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தவன் அவனுடைய சகோதரன் போன்ற நண்பன், அவன் இறந்துவிட்டான். இறந்தவனுக்குச் செய்யும் மரியாதையாக இருவரும் பல ஆண்டுகள் வாயைத் திறக்காமல் இருக்கிறார்கள். ஒரு முறை தேநீர் அருந்தும்போது அவன் அவள் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொள்கிறான். அவ்வளவுதான் காதல் காட்சி. நஞ்சு ஏறிச் சாகும் வேளையில்தான் அவன் மனத்தைத் திறக்கிறான். மூச்சு முடிந்துவிடுகிறது.

அந்தப் படத்தில் இரண்டு பெண்களின் சண்டை ஒன்று உண்டு. எதையும் வெட்டும் திருட்டு வாள் இளையவளிடம் இருக்கிறது. மூத்தவள், அதாவது மிச்செல் இயோ, ஆயுதக் கூடத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சண்டையிடுகிறார். இரட்டைக் கத்தி, ஈட்டி, கொக்கி வாள் என்று எதை எடுத்தாலும் அந்த வாள் துண்டாக்குகிறது. ஒரு கனத்த இரும்புத் தண்டைத் தூக்கவே முடியாமல் அதோடு சாய்கிறார், கொட்டகை சிரிக்கிறது. கடைசியில் முறிந்த வாளையே இளையவளின் கழுத்தில் நிறுத்துகிறார், வெட்டவில்லை. சிலம்பம் பழகியவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்தால், கம்பு கையில் இருக்கும்போது நிறுத்துவது அடிப்பதைவிடக் கடினம் என்பதை எனக்கு முன்பே சொல்லிவிடுவார்கள். இளையவளின் கெட்ட குருவாக வரும் மூதாட்டி யார் தெரியுமா? 1966இல் சத்திரத்தில் உட்கார்ந்திருந்த அதே சென் பெய்பெய்! அவர் 2024இல் மறைந்தார்.

இந்தப் படப்பிடிப்பின் தொடக்கத்தில் மிச்செல் இயோவுக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. அறுவை சிகிச்சை செய்துகொண்டு வந்து நடித்து முடித்தார். இன்னொன்றும் கேளுங்கள். படம் மாண்டரின் மொழிப் படம். ஈப்போவில் ஆங்கிலமும் மலாயும் பேசி வளர்ந்த அவருக்கு மாண்டரின் தெரியாது. ஒவ்வொரு வசனத்தையும் ஓசையாக மனப்பாடம் செய்து பேசினார். பாஷை தெரியாமல் நாம் பார்த்தோம். பாஷை தெரியாமல் அவர் நடித்தார்! படம் நான்கு ஆஸ்கார் விருதுகள் பெற்றது.

2023 மார்ச்சில் மிச்செல் இயோவுக்கே சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் கிடைத்தது. ஆசியப் பெண் ஒருவர் அந்த விருதைப் பெற்றது அதுவே முதல் முறை. அப்போது அவருக்கு வயது 60. 2022இல் வந்த அந்த அமெரிக்கப் படத்தில் அவர் டோபி கடை நடத்தும் ஒரு சீனக் குடியேறி. வருமான வரி ரசீதுகள் மேசை முழுதும் குவிந்து கிடக்கின்றன, மகளோடு மனத்தாங்கல், விவாகரத்துப் பத்திரத்தை எப்படிக் கொடுப்பது என்று தெரியாமல் நிற்கும் சாதுவான கணவன். சண்டைகளை அமைத்தவர்களில், ஹாங்காங் படங்களைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்ட இரண்டு சகோதரர்கள் உண்டு. அந்தச் சாதுக் கணவன் ஓர் இடத்தில் இடுப்புப் பையைக் கழற்றிச் சுழற்றியே காவலர்களை வீழ்த்துகிறான். ஆனால் பிறகு அவனே, எல்லாரும் சண்டையை நிறுத்துங்கள் என்று கெஞ்சுகிறான். கதையின் இன்னோர் உலகத்தில் அவன் பெரிய செல்வந்தன்; அவள் புகழ்பெற்ற நடிகை; இருவரும் மணக்கவில்லை. அங்கே நின்றுகொண்டு அவன் சொல்வது, உன்னோடு சேர்ந்து துணி வெளுத்து, வரிக்கணக்குப் பார்த்து வாழ்ந்திருந்தாலும் எனக்குப் போதும் என்பதுதான். இணையாக நின்று நெரை பிடித்து மரம் வெட்டிய கணவன் மனைவியர் இந்த நாட்டில் எத்தனை ஆயிரம் பேர்! அவர்களில் யாரும் இப்படி வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வீட்டில் பிள்ளைகளோடு பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. இப்போது இவற்றில் பல கைத்தொலைபேசியிலேயே கிடைக்கின்றன. பெரும்பாலும் ஆங்கிலத்தில் அல்லது மலாயில் எழுத்து ஓடும். வண்ணத்துப்பூச்சிக் காதலர் கதையை யாரும் பார்க்கலாம். பாட்டுகள் நீளம், பொறுமை வேண்டும். 36ஆம் கூடமும் பதுங்கும் புலியும் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஏற்றவை. 'தி பிக் பாஸ்' படத்தில் இரத்தமும் விருந்துக் காட்சிகளும் மிகுதி. சிறுவர்களுக்கு வேண்டாம், பெரியவர்கள் பாருங்கள். அவனை மண்டோர் ஆக்கும் இடம் வரும்போது, தாத்தா பக்கத்தில் இருந்தால் அவரிடம் கொஞ்சம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள்.